எட்டுக் கிலோ குறைந்தது, குழி மட்டும் போகவில்லை

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாக விடாமல் நடந்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி 8 கிலோ குறைத்திருக்கிறேன். முகம், இடுப்பு எல்லாம் இளைத்துவிட்டது. ஆனால் தொடையின் பின்பக்கத்திலும் பிட்டத்திலும் இருக்கும் குழிகள் அப்படியே இருக்கின்றன. சில இடங்களில் முன்பைவிட அதிகமாகத் தெரிகிற மாதிரிகூட இருக்கிறது. வலி எதுவும் இல்லை. காஃபின் கலந்த க்ரீம் இரண்டு டியூப் தீர்த்துவிட்டேன். அழகு சிகிச்சை நிலையம் ஒன்றில் கேட்டதற்கு, "இது செல்லுலைட். உள்ளே நச்சுநீர் தேங்கிக் கொழுப்பு இறுகிவிட்டது. 12 சிட்டிங்கில் கரைத்து எடுத்துவிடலாம், திரும்ப வராது" என்கிறார்கள். பாதிப் பணத்தை முன்னதாகவே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை. இந்தக் காலோடு எப்படிப் போவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பின்குறிப்பு: என் அம்மாவுக்கு இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. தெரிந்த நர்ஸ் ஒருவர் 'செல்லுலைட்டிஸ்' என்றார். எனக்கு இருப்பதுதான் அம்மாவுக்குமா? என் க்ரீமை அவருக்கும் தடவலாமா?

பதில்: உங்கள் பின்குறிப்பைப் படித்ததும் மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன்: "க்ரீம் வேண்டாம், இன்றைக்கே அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள்." காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே குழப்பம் மற்றவர்களுக்கும் வரும் என்பதால் இங்கேயும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செல்லுலைட்டிஸ் என்பது தோலுக்குள்ளும் அதன் அடியிலும் பாக்டீரியா புகுந்து உண்டாக்கும் தொற்று. பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் பரவும். காய்ச்சலும் குளிரும் சேரலாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆக வேண்டும், தாமதித்தால் தொற்று ரத்தத்தில் கலந்துவிடலாம். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் கிட்டத்தட்ட இதே தோற்றம் வரும். அதனால் இது வீட்டில் உட்கார்ந்து பெயர் வைக்கிற விஷயமும் இல்லை.

உங்களுக்கு இருப்பது செல்லுலைட். தொற்று அல்ல, நோயும் அல்ல. பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு பிரெஞ்சு மொழிதான் காரணம். 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவத்தில் 'செல்லுலைட்' என்ற சொல்லே அழற்சியைத்தான் குறித்தது. பிறகு அங்கேயே அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் அதை எடுத்துத் தொடைக் குழிகளுக்கு ஒட்டினார்கள். 1968-இல் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகை அந்தச் சொல்லை அமெரிக்கப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதுவரை தொடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இருந்தவர்களுக்கு ஒரே நாளில் ஒரு 'குறை' கிடைத்துவிட்டது. நோயின் பெயரை வைத்துக்கொண்டு வந்ததாலோ என்னவோ, இன்றுவரை அதற்கு மருந்து விற்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, 8 கிலோ குறைந்தும் குழி ஏன் போகவில்லை?

பஞ்சு மெத்தையைப் பாருங்கள். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாமல் இருக்க அங்கங்கே ஊசியால் குத்தி, நூலை இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சு விழுந்த இடம் உள்ளே இழுபட்டிருக்கும், சுற்றியுள்ள பஞ்சு மேலே புடைத்திருக்கும். உங்கள் தொடையில் நடப்பதும் இதுதான். தோல்தான் மேல்துணி, தசையை மூடியுள்ள உறை அடித்துணி, நடுவில் பஞ்சாகக் கொழுப்பு. தோலையும் அடியில் உள்ள உறையையும் இணைத்துக் கொலாஜன் என்ற புரதத்தாலான நார்ப்பட்டைகள் ஓடுகின்றன. அவைதான் நூல். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வில், குழி விழுந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றின் அடியிலும் இப்படித் தடித்த ஒரு நார் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் இளைத்தபோது பஞ்சு குறைந்தது, நூல் அறுபடவில்லை. போதாததற்கு, பஞ்சு குறைந்த மெத்தையில் மேல்துணி தொளதொளத்துப் போகிற மாதிரி, இளைத்த உடம்பில் தோலும் கொஞ்சம் தளர்கிறது. தளர்ந்த தோலில் குழி எடுப்பாகவே தெரியும். எடை குறைந்ததும் சிலருக்குச் செல்லுலைட் குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது. நீங்கள் இரண்டாவது வகை, அவ்வளவுதான். நடந்ததும் கட்டுப்படுத்தியதும் வீணாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த 8 கிலோவால் உங்கள் இதயத்துக்கும் மூட்டுக்கும் கிடைத்தது அப்படியே இருக்கிறது.

'நச்சுநீர்' என்று சொன்னார்களே, அதை இங்கேயே முடித்துவிடலாம். அந்தக் குழிகளுக்குள் எந்த நச்சும் தேங்கியில்லை. அங்கே இருப்பது உடம்பின் மற்ற இடங்களில் உள்ள அதே சாதாரணக் கொழுப்பு. அடுத்த முறை போனால், "எந்த நச்சு? அதன் பெயர் என்ன? எந்தப் பரிசோதனையில் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்க எனக்கும் ஆவல்.

பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செல்லுலைட் இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கும், ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர்களுக்கும் உண்டு. ஆண்களுக்கு அபூர்வம். இதற்கான காரணத்தை 1978-இல் ஜெர்மனியைச் சேர்ந்த நூர்ன்பெர்கர், முல்லர் இருவரும் எழுதினார்கள்: பெண்ணின் தொடையில் நார்கள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன, அதனால் இடையில் உள்ள கொழுப்பு நேராக மேலே பிதுங்க வழி இருக்கிறது. ஆணுக்கு நார்கள் வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கின்றன, தோலும் தடிமன். ஆண் ஹார்மோன் குறைபாடு உள்ள ஆண்களுக்குச் செல்லுலைட் வருவதுண்டு. ஆக, இதில் ஹார்மோனுக்கும் பரம்பரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டோமா இல்லையா என்பதற்கு அவ்வளவு இல்லை. வயது ஏறும்போது தோல் மெலிவதால் கூடலாம். புகைபிடிப்பது கொலாஜனைக் கெடுக்கும், அதனால் அதுவும் சேர்த்தி.

சிகிச்சைக்குப் போகும் முன் உங்கள் செல்லுலைட் எந்த அளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நின்றாலும் படுத்தாலும் தோல் வழவழப்பாக இருந்து, தொடைச் சதையைச் சேர்த்துப் பிடித்தால் மட்டும் குழி தெரிந்தால் முதல் நிலை. நின்றால் தெரிந்து, படுத்தால் மறைந்தால் இரண்டாவது. படுத்தாலும் தெரிந்தால் மூன்றாவது. இன்னொன்றையும் கவனியுங்கள். நின்றுகொண்டு, குழிக்கு மேலே உள்ள தோலை விரலால் லேசாக மேல்நோக்கி இழுங்கள். மேடுபள்ளம் கணிசமாக மறைந்தால் அங்கே தோல் தளர்ச்சிதான் முக்கியப் பிரச்சினை. இழுத்தும் குழி அசையாமல், விரல் நுனி வைத்த தடம்போல உள்ளே போயே இருந்தால் நார் இழுத்துப் பிடித்திருக்கிறது. பெரும்பாலானோருக்கு இரண்டும் கலந்திருக்கும். ஆனால் எது அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை மாறுகிறது. இதைப் பார்க்காமல் நேரே பேக்கேஜ் பேசுகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். எந்தச் சிகிச்சையானாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. இது நூலைத் தொடுகிறதா? பலன் எத்தனை நாள்?

க்ரீம் நூல் வரைக்கும் போகாது. காஃபின் க்ரீம் கொழுப்புச் செல்லில் உள்ள நீரைக் கொஞ்சம் இழுப்பதால் தோல் தற்காலிகமாக இறுகினாற்போல் தெரியும். தினமும் தடவினால்தான் அதுவும், நிறுத்தினால் பழையபடிதான். தடவும்போது பத்து நிமிடம் தேய்க்கிறோமே, அந்த மசாஜுக்கும் பலனில் பங்கு உண்டு. 0.3 சதவீத ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) கலந்த க்ரீம் தோலைச் சற்றுத் தடிமனாக்கி, அடியில் உள்ள மேடுபள்ளத்தைக் கொஞ்சம் மறைக்கும். 6 மாதமாவது பொறுமை வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் அதைத் தொட வேண்டாம். அமினோஃபிலின் என்று போட்டிருந்தால், அது ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மருந்து என்பதால், ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பூசக் கூடாது. உங்கள் காஃபின் க்ரீம் கெடுதல் செய்யவில்லை, ஆனால் மூன்றாவது டியூப் வாங்கினால் ஆச்சரியம் எதுவும் நடக்கப் போவதில்லை. மாத்திரைகளும் அப்படியே. ஜின்கோ, திராட்சை விதைச் சாறு என்று வரும் எதுவும் குழியைக் குறைத்ததாக நிரூபணம் கிடையாது.

அடுத்தது உருட்டி, உறிஞ்சி, சூடேற்றும் இயந்திரங்கள். உங்களுக்குச் சொன்ன 12 சிட்டிங் அநேகமாக இந்த வகைதான். என்டர்மாலஜி என்பது உருளைகளுக்கு நடுவே தோலை உறிஞ்சிப் பிடித்து மசாஜ் செய்வது. ரேடியோ அலை தோலின் ஆழத்தைச் சூடாக்கிக் கொலாஜனை இறுக்கப் பார்க்கும். அதிர்வலைச் சிகிச்சை என்றும் ஒன்று உண்டு. இவற்றில் எதுவுமே மோசடி என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு, முக்கியமாகத் தோல் தளர்ச்சி அதிகம் உள்ளவர்களுக்கு, ஓரளவு நிரவலாகும். ஆனால் அது வாரங்கள், மாதங்கள் கணக்கு. மறுபடி மறுபடி போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்த வகை இயந்திரங்களுக்கு மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுக்கும்போதே 'தோற்றத்தைத் தற்காலிகமாகக் குறைக்க' என்றுதான் கொடுக்கிறது. அதே இயந்திரத்தை வைத்துக்கொண்டு 'திரும்ப வராது' என்று ஒருவர் சொன்னால், தயாரித்தவரே கொடுக்காத வாக்குறுதியை அவர் கொடுக்கிறார்.

நூலை நேரடியாகத் தொடுகிற சிகிச்சை ஒன்று உண்டு. அதன் பெயர் சப்சிஷன். நிற்க வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழ, குழிகளைப் பேனாவால் ஒவ்வொன்றாக வட்டமிடுவோம். படுத்த பிறகு குறித்தால் பாதிக் குழி மறைந்துபோகும், எனவே இந்த அடையாளம் போடுவதில்தான் பாதி வேலை. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, சிறிய ஊசி போன்ற கத்தியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, அந்தக் குழியை இழுக்கும் நாரை மட்டும் அறுப்போம். நார் அறுபடும்போது கையில் ஒரு 'நறுக்' தெரியும். தோல் விடுபட்டு மேலே வரும். செல்லுலைட்டுக்கு இந்த முறையைப் பிரபலமாக்கியவர் பிரேசில் தோல் மருத்துவர் டோரிஸ் ஹெக்செல். இதையே தோலை வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடித்து, ஆழத்தை அளந்து அறுக்கும் கருவியாகச் செய்தது செல்ஃபினா, 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் 3 ஆண்டு வரை பலன் நீடித்தது பதிவாகியிருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கட்டு நிச்சயம் வரும். தொடை முழுக்க நீலமும் ஊதாவுமாகச் சில வாரங்கள் இருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோலில் அது மறைந்த பிறகும் பழுப்புத் தடம் மாதக்கணக்கில் தங்கலாம். வலி, கட்டி, சில சமயம் அறுத்த இடம் புடைத்துக்கொள்வது எல்லாம் உண்டு. மிக முக்கியமாக, இது தனித்தனியாக ஆழமாக விழுந்த குழிக்குத்தான். தோல் தளர்ந்து அலைஅலையாக இருப்பதற்கு இதைச் செய்தால் இன்னும் தளரலாம். லேசரிலும் இப்படி ஒன்று உண்டு. 1440 நானோமீட்டர் லேசரை மெல்லிய இழை வழியாகத் தோலுக்கு அடியில் செலுத்தி நாரை அறுத்து, கொழுப்பைக் கொஞ்சம் உருக்கி, தோலையும் தடிமனாக்கப் பார்ப்பார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நிற்கலாம். இவை இரண்டுமே பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ செய்ய வேண்டியவை.

ஊசி மருந்தின் கதை ஒன்றும் உண்டு. நாரைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற நொதியை ஊசியாகப் போடும் கியூவோ என்ற மருந்துக்கு 2020 ஜூலையில் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. பிட்டத்தில் உள்ள செல்லுலைட்டுக்கு முதல் ஊசி மருந்து என்று ஒரே ஆரவாரம். மருந்து நாரைக் கரைக்கத்தான் செய்தது. ஆனால் ரத்தக்கட்டு அளவுக்கு மீறி வந்தது, தோலின் நிறமாற்றம் சிலருக்குப் போகவே இல்லை. 2022 டிசம்பரில் தயாரிப்பாளரே நிறுத்திக்கொண்டார். புதிதாக ஏதாவது வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

லைபோசக்ஷன் செல்லுலைட்டுக்கு அல்ல. பஞ்சை உறிஞ்சுவதுதான் அது, குழி இன்னும் எடுப்பாகத் தெரிய வாய்ப்பு அதிகம். கொழுப்பை உறைய வைக்கும் கூல் சிகிச்சையும் அளவைக் குறைக்கத்தான், குழிக்கு அல்ல. மீசோதெரபி என்ற பெயரில் எதையெதையோ கலந்து போடும் ஊசிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. தொற்றும் கட்டியும் வந்து, இருந்த குழியோடு புதிய மேடும் சேர்ந்துகொள்ளலாம்.

இயந்திரமும் ஊசியும் இல்லாமல் என்ன செய்யலாம் என்றால், தொடைக்கும் பிட்டத்துக்கும் எடைப் பயிற்சி. நடை மட்டும் போதாது. உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படி ஏறுவது, எடை தூக்குவது எல்லாம் அடியில் உள்ள தசையைப் பெரிதாக்கும். அடித்துணி இறுகினால் மேல்துணியும் கொஞ்சம் இழுபட்டு நிற்கும். குழி முழுக்கப் போகாது, ஆனால் கூடுதல் செலவில்லாமல் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் பெரும்பாலும் இதில்தான் வரும். உடல் எடையைக் கூட்டிக் குறைத்து விளையாடாதீர்கள், அது தோலை இன்னும் தளர்த்தும். குழியின் நிழல்தானே கண்ணில் படுகிறது, அதனால் வெளிர்ந்த தோல் உள்ளவர்கள் தோலின் நிறத்தைக் கருமையாக்கும் செயற்கை டான் லோஷன் பூசி நிழலை மங்கலாக்குவதும் உண்டு. ஏமாற்று வேலைதான், ஆனால் அதில் யாரும் முன்பணம் கேட்பதில்லை.

நிழல் என்றதும் அந்த நிலையத்தில் உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடிய 'முன்', 'பின்' படங்கள் நினைவுக்கு வருகின்றன. இன்றிரவு ஒரு சோதனை செய்யுங்கள். அறையின் மேல்விளக்கு மட்டும் எரிய, உடம்பைத் தளர்த்தி நின்று தொடையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் கேமராவின் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடிப்பதுபோல் தொடையில் அடிக்க, கொஞ்சம் முன்னே சாய்ந்து நின்று இன்னொரு படம். ஒரே நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 சிட்டிங்கின் பலன் அதில் தெரியும்! நேர்மையான படம் என்றால் வெளிச்சம், தூரம், நிற்கும் விதம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி சிட்டிங் முடிந்து குறைந்தது 6 மாதம் கழித்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்து, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போய், பாதம் மட்டும் ஒல்லியாகவே இருந்து, எவ்வளவு இளைத்தாலும் கால் மட்டும் இளைக்காமல் இருந்தால், அது கால்களில் கொழுப்பு அசாதாரணமாகச் சேரும் லிபிடீமா என்ற நோயாக இருக்கலாம். அது வேறு, அதற்கு மருத்துவம் உண்டு. செல்லுலைட் என்று சொல்லி மசாஜ் மேசையில் படுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: முன்பணம் கட்டாதீர்கள். செய்துதான் பார்ப்பேன் என்றால் ஒரு தோல் மருத்துவரிடம் போய், நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லி, குழி அதிகமா தளர்ச்சி அதிகமா என்று கேளுங்கள். தளர்ச்சி என்றால் ரேடியோ அலையை ஒவ்வொரு சிட்டிங்காகப் பணம் கட்டிச் செய்துகொள்ளலாம், மூன்று நான்கில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். ஆழமான சில குழிகள்தான் உறுத்துகின்றன என்றால் சப்சிஷன் பற்றிப் பேசலாம். அப்படியே விட்டுவிட்டாலும் இது புற்றாகவோ வேறெதுவாகவோ மாறாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

நீச்சலுக்கு இதற்காகக் காத்திருக்காதீர்கள். முட்டி வரை வரும் நீச்சலுடை கிடைக்கிறது, கூச்சமாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு போங்கள். குளத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்களில் பத்தில் எட்டுப் பேரின் தொடையிலாவது இதே குழி இருக்கும். அவரவர் தன்னுடையதை மறைக்கத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மருந்தை ஆரம்பிக்கும்போதே சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தால் நல்லது. கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினால் உடனே திரும்பக் காட்ட வேண்டும். ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள் வரை முழுதாக முடிக்கட்டும், உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும். கால் விரல்களுக்கு இடையில் சேற்றுப்புண்ணோ வெடிப்போ இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். தொற்று பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அதே காலில் மறுபடி வரலாம்.